புத்தகம், தேத்தண்ணி, பாட்டு நாடகம்: கொழும்பு வாசிப்பு வட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் நாலு பேர் சேர்ந்து வாசித்துப் பேசத் தொடங்கினால், மூன்றாவது மாதத்துக்குள் அதே சந்தேகங்கள் வந்துவிடும். புத்தகம் கிடைக்கவில்லை, ரோல்ஸ் பாதியிலேயே முடிந்துவிட்டது, லயனல் வென்ட் அரங்கில் நாடகம் பார்த்தவர்கள் தங்களுக்குள் மட்டும் கதைக்கிறார்கள். அப்படி வந்தவற்றைக் கேட்டவர்களின் வாயாலேயே இங்கே போட்டிருக்கிறோம். பதில்களில் ஒரு பக்கச்சார்பு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடலாம்: கதைக்கத்தான் கூடுகிறோம். புத்தகமும் சாப்பாடும் பாட்டும் அந்தக் கதைக்கு வழிவிட்டு நிற்கவேண்டும்.

வாசிப்பு வட்டம் எண்டால் என்ன? நூல் வெளியீடு மாதிரியோ?

இல்லை. வெளியீட்டு விழாவுக்கு மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, நயப்புரை, முதற்பிரதி, ஏற்புரை, நன்றியுரை என்று ஒரு வரிசை இருக்கிறது. அங்கே பெரும்பாலானோர் புத்தகத்தை வாசிக்காமல் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். வட்டத்துக்கு எல்லோரும் அதே புத்தகத்தை வாசித்துவிட்டு வருகிறார்கள். மேடையும் இல்லை, மைக்கும் இல்லை.

ஆறு முதல் பத்துப் பேர், மாதத்துக்கு ஒருதரம், ஒருவர் வீட்டு ஹோலில் இரண்டரை மணித்தியாலம்: இது போதும். ஐந்து பேர் என்றால் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்த மாதம் கூட்டம் இல்லை. பன்னிரண்டு பேர் என்றால் சாப்பாட்டு நேரம் போக ஆளுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, மூலையில் இருப்பவர்கள் வேறு கதை தொடங்கிவிடுவார்கள்.

எந்த நாள் வைச்சால் ஆக்கள் வருவினம்?

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. ஞாயிறு காலை பிள்ளைகளின் ரியூஷனுக்குப் போய்விடும். வெள்ளி பின்னேரம் கோயில், சனி பலருக்கு அரைநாள் வேலை. போயா தினம் விடுமுறைதான், ஆனால் வெசாக் போயாவில் தோரணம் பார்க்க வரும் கூட்டத்தால் வீதிகள் நிறைந்துவிடும், அன்றைக்கு வைக்கவேண்டாம். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற நாட்களிலும் காலி வீதியை நம்ப முடியாது.

திகதியை மாதாமாதம் வாக்கெடுத்துத் தீர்மானிக்காதீர்கள். “மாதத்தின் இரண்டாம் ஞாயிறு” என்று ஒருதரம் முடிவுசெய்து, வருகிறவர்களோடு நடத்துங்கள். எல்லோருக்கும் வசதியான நாளைத் தேடும் வட்டம் நாள் தேடியே கலைந்துபோகும்.

புத்தகத்தை முழுசா வாசிக்காமல் வரலாமோ?

வரலாம், ஆனால் இரண்டு நிபந்தனை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதை வந்தவுடன் சொல்லவேண்டும். “முடிவைச் சொல்லாதேங்கோ” என்று மற்றவர்களின் வாயைக் கட்டக்கூடாது. நிறுத்திய இடம் பயனுள்ள தகவல். மூன்று பேர் ஒரே அத்தியாயத்தில் நின்றிருந்தால் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும்.

முதல் புத்தகமா எதை எடுக்கிறது?

பெயரைப் பார்க்கமுதல் பக்கக் கணக்கைப் பாருங்கள். வேலைக்குப் போய்வரும் ஒருவர் நாளொன்றுக்கு அமைதியாக வாசிப்பது பத்துப் பக்கம் அளவில். முப்பது நாளில் முந்நூறு, தவறும் நாட்களைக் கழித்தால் இருநூறு. ஆகவே முதல் மூன்று மாதமும் 200 பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். சிறுகதைத் தொகுப்பென்றால் முழுத் தொகுப்பையும் எடுக்காமல் நாலு கதையைக் குறித்துக் கொடுங்கள். பதினைந்து கதையையும் எடுத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள், இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொடாது.

இரண்டாவது விதி: குறைந்தது மூன்று பிரதியாவது கொழும்பில் கிடைக்கும் என்று கடைக்குக் கோல் எடுத்து உறுதிசெய்தபின்தான் புத்தகத்தை அறிவிக்கவேண்டும். ஈழத்து நூல்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. நேற்று அலமாரியில் கண்ட ஒன்று இன்று இல்லாமல் போகும்.

புத்தகம் எங்க எடுக்கலாம்? இந்தியப் புத்தகம் எல்லாம் யானை விலை.

புதிதாக வாங்க: பூபாலசிங்கம் புத்தகசாலை (செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும்), புறக்கோட்டை பீப்பிள்ஸ் பார்க் கட்டடத்தொகுதியில் சேமமடு. இந்தியப் பதிப்புகளில் அச்சிட்டிருக்கும் இந்திய ரூபாய் விலையைக் கடை ஒரு குறித்த எண்ணால் பெருக்கி இலங்கை விலை போடுகிறது. அந்த எண் நாணயமாற்று வீதத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஏற்றுகூலியும் அதற்குள்தான். ஐந்து பிரதி ஒரேயடியாக எடுக்கிறோம் என்று சொல்லிக் கழிவு கேளுங்கள், கேட்காதவருக்குக் கிடைக்காது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு, அடுத்த ஆறு மாதத்துப் பட்டியலை எழுதிக்கொண்டு போவது நல்லது. வெறுங்கையோடு போனால் சமையல் புத்தகத்தோடுதான் வீடு வருவீர்கள்.

இரவலுக்கு: வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிய கொழும்பு பொது நூலகம். அச்சில் இல்லாத இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் 2005 இல் தொடங்கிய “நூலகம்” என்ற இணையத்தளத்தை முதலில் தட்டிப்பாருங்கள். பழந்தமிழ் இலக்கியமென்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பு. இரண்டும் இலவசம்.

ஒரு பிரதிதான் இருக்கு. பத்துப் போட்டோகொப்பி அடிச்சால் என்ன?

உரிமை இருக்கும் நூலை முழுசாகப் பிரதி எடுப்பது தவறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுத்தாளர் இறந்து 70 வருடம் வரை உரிமை நிற்கும். நம்மூர் எழுத்தாளரின் நூலென்றால் கணக்கு இன்னும் நேரடியானது: பத்துப் போட்டோகொப்பி என்பது அவருடைய வீட்டு மேசைக்குக் கீழே கட்டிவைத்திருக்கும் பிரதிகளில் விற்காமல் போன பத்து. அவரிடமே கேட்டால் பெரும்பாலும் கழிவிலேயே தருவார்.

ஒரு பிரதியை வைத்தே சமாளிக்கவும் வழியுண்டு. ஒரு பந்தி, ஒரு பக்கம் என்று பேச்சுக்குத் தேவையான துண்டை மட்டும் எடுங்கள். நூலை ஆளுக்கு ஐந்து நாள் என்று சுற்றுக்கு விடுங்கள். ஆறு பேருக்கு முப்பது நாள் சரியாக வரும். கடைசியாக வாசிப்பவர்தான் கூட்டத்தை நடத்தவேண்டும், அவருக்குத்தான் எல்லாம் பசுமையாக நினைவிருக்கும்.

எல்லாரும் “நல்லா இருந்தது” எண்டு சொல்லிட்டு ரோல்ஸைப் பார்க்கினம். என்னத்தைக் கதைக்கிறது?

கேள்வியில்தான் பிழை. “புத்தகம் எப்படி?” என்று கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு பக்க எண்ணோடு வரவேண்டும் என்று விதி வையுங்கள். வரும்போது அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் ரிக்கற்றைச் செருகிக்கொண்டு வந்தால் போதும். முறை வரும்போது ஏழெட்டு வரியை வாய்விட்டு வாசிக்கவேண்டும், பிறகு ஏன் அந்த இடம் என்று சொல்லவேண்டும். வாசிப்பு இரண்டு நிமிடம், விளக்கம் மூன்று நிமிடம். எட்டுப் பேருக்கு நாற்பது நிமிடத்தில் எட்டு இடங்கள் மேசைக்கு வந்துவிடும், அவற்றில் குறைந்தது இரண்டு ஒன்றோடொன்று முட்டும். முட்டுகிற இடத்தில் நடத்துபவர் பிடித்துக்கொள்ளவேண்டும்.

வாய்விட்டு வாசிப்பதில் இன்னொரு பயன். ஒருவர் யாழ்ப்பாணப் பேச்சில் வாசிப்பார், ஒருவர் மலையகத் தமிழில், ஒருவர் மருதானைத் தமிழில். கதாபாத்திரத்தின் உரையாடல் எந்த ஊர் நாக்கில் சரியாக உட்காருகிறது என்பது உடனே தெரியும். கண்ணால் மட்டும் வாசித்தவருக்கு இது பிடிபடாது.

நடத்துபவர் கையில் நாலு கேள்வியை எழுதி வைத்திருக்கட்டும்: கதையை யார் சொல்கிறார், அவரை நம்பலாமா? எந்த இடத்தில் காலம் தாவுகிறது? எந்தப் பாத்திரத்தை எழுத்தாளர் பேசவிடவில்லை? கடைசி அத்தியாயத்தை வெட்டினால் என்ன குறையும்? நாலையும் கேட்கத் தேவையில்லை. பேச்சு வற்றினால் மட்டும் ஒன்றை எடுங்கள்.

சாப்பாடு முதலோ, கதை முதலோ?

கதை. வந்தவுடன் வெறும் தேத்தண்ணியும் பிஸ்கற்றும், ஒன்றேகால் மணித்தியாலம் பேச்சு, பிறகு சாப்பாடு. சாப்பாட்டை முதலில் வைத்தால் வயிறு நிறைந்த பத்துப் பேரை ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் புத்தகத்துக்குத் திருப்புவது முடியாத காரியம். நடுவில் வைத்தாலும் இரண்டாம் பாதி திரும்பி வராது.

பேச்சு நடக்கும்போது எண்ணெய்ப் பலகாரம் மேசையில் இருக்கக்கூடாது. கட்லட் பிடித்த விரல் பக்கத்தில் பட்டால் கண்ணாடி போன்ற ஒரு கறை விழும், அது போகாது. நூலகப் புத்தகமென்றால் தண்டம் வேறு. அந்த நேரத்துக்குக் கச்சான், அவல், உலர்ந்த முறுக்கு.

பத்துப் பேருக்கு எவ்வளவு செய்யவேணும்? எப்பவும் ஒண்டில் மிஞ்சுது, இல்லாட்டிக் காணாது.

வெறும் தேத்தண்ணி: ஒன்றரை லீற்றர் தண்ணீர், 20 முதல் 25 கிராம் தேயிலைத்தூள், தட்டிய இஞ்சி ஐம்பது கிராம். இஞ்சியைத் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, இறக்கியபின் தூளைப் போட்டு நாலு நிமிடத்தில் வடிகட்டிவிடவேண்டும். தூளையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் கசக்கும், அந்தக் கசப்பைச் சீனி மறைக்காது. இரண்டு தரம் கொடுப்பதென்றால் இரண்டு தரமும் புதிதாகப் போடுங்கள்.

தாளித்த கடலை: அரைக் கிலோ காய்ந்த கடலை. எட்டு மணித்தியாலம் ஊறினால் ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும், பத்துப் பேருக்குச் சிற்றுண்டிக்குப் போதும். முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள், காலையில் நினைவு வந்து சுடுதண்ணீரில் போட்டால் உள்ளே மாவாகாமல் பல்லில் கடிபடும். குக்கரில் ஐந்து விசில். வெங்காயம் இரண்டு, செத்தல் மிளகாய் எட்டு, கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டு. தேங்காயைத் தாளிதத்திலேயே பொன்னிறமாக வதக்கிவிடவேண்டும். பச்சைத் தேங்காய்ப்பூவைத் தூவி வைத்தால் கொழும்பு வெக்கையில் மூன்று நாலு மணித்தியாலத்தில் புளித்துவிடும். காலையில் அரைத்த சம்பலைப் பின்னேரம் வைப்பதிலும் இதே ஆபத்து.

ரோல்ஸ், பற்றிஸ் வாங்குவதென்றால் ஆளுக்கு இரண்டும் மேலதிகமாக நாலும். இரவுச் சாப்பாடாக இடியப்பம் என்றால் ஆளுக்கு ஏழு, அதாவது எழுபது. கடையில் காலையிலேயே சொல்லிவைக்கவேண்டும். சொதியை மட்டும் வீட்டில் வையுங்கள்: இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் வேகட்டும், முதல் பாலை விட்டபின் கொதிக்கவிடாமல் துழாவி, நுரை கட்டும்போது இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்தபின்தான். சொதி திரைந்துபோகிற வீடுகளில் பெரும்பாலும் புளி அவசரப்பட்டிருக்கும்.

எங்கட வட்டத்தில சைவமும் இருக்கு, ஹலாலும் இருக்கு. மரக்கறி ரோல்ஸ் எடுத்தால் எல்லாருக்கும் சரிதானே?

சரியில்லை. பல கடைகளில் மரக்கறி ரோல்ஸையும் முட்டையில் தோய்த்துத்தான் பாண்தூளில் உருட்டுகிறார்கள். பேக்கரிப் பற்றிஸின் மினுக்கமும் சில நேரம் முட்டைப் பூச்சுத்தான். சீனிச்சம்பலிலும் கடைத் தேங்காய்ச்சம்பலிலும் மாசி இருக்கும். ஆகவே கடையில் “மரக்கறியா?” என்று கேட்டால் போதாது, “முட்டை, மாசி போட்டதா?” என்று கேட்கவேண்டும். ஜெலியிலும் மாஷ்மெலோவிலும் ஜெலட்டின் இருக்கிறது, அதில் சைவக்காரரும் ஹலால் பார்ப்பவரும் ஒரே பக்கம்.

வட்டம் முழுவதற்கும் எளிய தீர்வு, மேசையைச் சைவமாகவே வைத்துவிடுவது. கடலை, உளுந்துவடை, இடியப்பம், சொதி, பழம். யாருக்கும் தனிக் கரண்டி தேவைப்படாது. கந்த சஷ்டி, நவராத்திரி, தவக்காலம் என்று நாட்காட்டி பார்த்துத் தடுமாறவும் வேண்டாம்.

நோன்பு மாசத்துல கூட்டத்த நிப்பாட்டணுமா?

வேண்டாம். அந்த மாதம் நேரத்தை மட்டும் நகர்த்துங்கள். கொழும்பில் சூரியன் மறைவது வருடம் முழுக்க ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில்தான். நாலரைக்குத் தொடங்கி, நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். தொடக்கத் தேத்தண்ணியை அன்றைக்கு எல்லோருமே விட்டுவிடலாம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில், பிறகு கஞ்சி, தொழுகைக்கு ஓர் அறை. சாப்பாடு கடைசியில் என்ற மேலே சொன்ன ஒழுங்கு இந்த மாதம் தானாகவே சரியாக விழுந்துவிடும்.

புத்தகத்தில சொதி ஊத்துப்பட்டுப் போச்சு. வெயில்ல வைக்கட்டோ?

உடனே வெயில் வேண்டாம், அட்டை வளைந்து முதுகுப் பசை வெடிக்கும். ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்கவேண்டாம். எண்ணெயில்லாத சாப்பாடென்றால் அந்த இடத்தை நனைத்த துணியால் ஒருதரம் ஒற்றலாம். பதினைந்து இருபது பக்கத்துக்கு ஒருதரம் அச்சில்லாத வெள்ளைத்தாளைச் செருகுங்கள். பத்திரிகைத்தாளின் மை பக்கத்தில் இறங்கிவிடும். புத்தகத்தை நிமிர்த்தி, விசிறி மாதிரி விரித்து, மின்விசிறிக் காற்று நேரே அடிக்காத இடத்தில் வையுங்கள். முதல் நாள் மணிக்கொருதரம் தாளை மாற்றவேண்டும். ஏறக்குறையக் காய்ந்ததும் பாரத்துக்குக் கீழே ஓரிரவு.

இரண்டு நாளுக்குள் காயாத புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வேலைக்கு ஓடவேண்டியிருந்தால் பொலித்தீன் பையில் கட்டிப் பிறீசரில் போட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் காயவைக்கலாம். படங்கள் அச்சிட்ட வழுவழுத்த தாளென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கு இடையிலும் உடனே தாள் செருகவேண்டும், ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. மஞ்சள் கறை மட்டும் வெளிச்சத்தில் மெல்ல மங்கும், அதற்காகத் தாளைப் பழுப்பாக்கவேண்டுமா என்பது உங்கள் முடிவு.

நாங்கள் வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் ஃபிளாட். சும்மா வைச்ச புத்தகமே மணக்குது.

கடற்காற்றின் ஈரம். காற்றில் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரும், கொழும்பில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். புத்தகத்தை இறுக்கி அடுக்கவேண்டாம், விரல் நுழையும் இளக்கம் வேண்டும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியென்றால் கிழமைக்கு ஒரு பகல் திறந்துவிடுங்கள். பிடித்துவிட்ட பூஞ்சணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள், மாடிக்குக் கொண்டுபோய் மூக்கைக் கட்டிக்கொண்டு மென்மையான தூரிகையால் துடையுங்கள். அலமாரியில் இருக்கும் புத்தகத்தைவிடக் கைமாறித் திரியும் புத்தகத்துக்குப் பூஞ்சணம் குறைவு. இரவல் கொடுக்க அதுவும் ஒரு காரணம்.

இரவல் குடுத்தது திரும்பி வாறதே இல்லை.

வட்டத்துக்கு ஒரு கொப்பி: திகதி, நூல், எடுத்தவர், திரும்பிய திகதி. கொடுக்கும்போது எடுத்தவரையும் அட்டையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். அடுத்த கூட்டமே கெடு.

மியூசிக்கல் எண்டு சொல்லுறது எங்கட கூத்தையோ?

மியூசிக்கல் என்பது மேற்கத்தையப் பாட்டு நாடகம். கூத்தோடு உறவுண்டு, ஒன்றல்ல. கூத்தில் ஆட்டமும் மத்தளமும் தாளமும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் முதன்மை. வடமோடி, தென்மோடி என்று ஆட்டமும் உடுப்பும் மாறும், வட்டக்களரியில் சுற்றி இருந்து பார்ப்பது. விடிய விடிய ஆடியதைச் சுருக்கி நகர மேடைக்குக் கொண்டுவந்ததில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பங்கு பெரிது, பேராதனையில் 1962 இல் அவர் மேடையேற்றிய கர்ணன் போர் அதன் தொடக்கங்களில் ஒன்று. இசை நாடகம் வேறு பிள்ளை: பார்சி நாடகப் பாணியில் திரைச்சீலையும் ஹார்மோனியமும் வந்து, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பாடல்களில் ஊன்றி, யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் வரை வளர்ந்தது. அதே பார்சிக் காற்று சிங்களத்தில் நூர்த்தியாகி, 1911 இல் திறந்த மருதானை டவர் மண்டபத்தை நிறைத்தது. 1956 இல் லயனல் வென்டில் அரங்கேறிய மனமே என்ற சிங்கள நாடகம், தமிழ்க் கூத்தோடு உறவுள்ள “நாடகம” என்ற சிங்கள நாட்டார் அரங்க மரபைக் கையிலெடுத்தது.

மேற்கத்தைய மியூசிக்கலில் பாட்டு கதையை நகர்த்தவேண்டும். பாட்டுத் தொடங்கும்போது இருந்த நிலையில் பாத்திரம் பாட்டு முடியும்போது இருக்கக்கூடாது. நமது இசை நாடகத்தில் ஒரு நடிகர் ஒரே உணர்ச்சியில் நின்று இராகத்தை விரிக்கலாம், கதை காத்திருக்கும், சபையும் “இன்னொருக்கா” என்று கேட்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் பார்த்தால் ஒன்று இழுவையாகவும் மற்றது அவசரமாகவும் படும்.

புத்தகத்தை வாசிச்சிட்டுப் போறதோ, பார்த்திட்டு வாசிக்கிறதோ?

புத்தகத்தின் பருமனைப் பொறுத்தது. விக்டர் ஹியூகோவின் லே மிசரபிள் (1862) ஐந்து பாகம், 365 அத்தியாயம். நாளுக்கு ஒன்றென்றால் ஒரு வருடம். சுத்தானந்த பாரதியாரின் தமிழில் ஏழைபடும் பாடு என்று பலர் அறிந்தது இதுதான். 1980 இல் பாரிஸிலும் 1985 இல் லண்டனிலும் மேடையேறிய மியூசிக்கல் மூன்று மணித்தியாலத்துக்குள் அதை முடிக்கிறது. வாட்டர்லூ போரும் பாரிஸின் சாக்கடை வரலாறும் நாவலில் நெடும் அத்தியாயங்கள், மேடையில் அவை இல்லை. இப்படியானதைப் பார்த்துவிட்டு வாசியுங்கள். கதைச் சரடு கையில் இருப்பதால் கிளைக்கதைகளில் தொலையமாட்டீர்கள். வட்டத்துக்கு ஒரு நல்ல கேள்வியும் கிடைக்கும்: விடுதிக்காரன் தெனார்டியே மேடையில் சிரிப்பு மூட்டுபவன், நாவலின் முடிவில் அமெரிக்கா போய் அடிமை வியாபாரியாகிறான். மேடை எதைத் துடைத்தது, ஏன்?

மெல்லிய மூலமென்றால் மறுபக்கம். கேட்ஸ் மியூசிக்கலுக்கு (1981) மூலம் டி. எஸ். எலியட் 1939 இல் வெளியிட்ட சிறு கவிதைத் தொகுப்பு, ஒரு பின்னேரத்தில் முடியும். அதை முதலில் வாய்விட்டு வாசித்து உங்கள் காதில் ஒரு தாளம் விழுந்தபின் பாட்டைக் கேளுங்கள்.

கொழும்பில நாடகம் பார்க்கப் போற நாள் சாப்பாட்டை என்ன செய்யிறது?

கில்போர்ட் கிரசன்டில் 1953 முதல் இருக்கும் லயனல் வென்ட் போன்ற அரங்குகளில் உள்ளே சாப்பிட முடியாது, இடைவேளை கால் மணித்தியாலம்தான், பத்துப் பேர் வரிசையில் நின்று தேத்தண்ணி குடித்து முடியாது. ஐந்தரைக்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காரம் குறைவாக. நாடகம் முடிந்து வெளியே வரப் பத்தும் ஆகலாம். 100, 101 பஸ்கள் அந்நேரம் ஐதாகிவிடும், ஓட்டோவுக்கு மூன்று பேராகச் சேர்ந்து முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ரிக்கற் எடுக்கும்போது முன்வரிசையைவிட நடுவரிசை நல்லது. முன்வரிசையில் வாத்தியம் பாட்டின் சொல்லை விழுங்கிவிடும், கதையே பாட்டுக்குள் இருக்கும் நாடகத்தில் அது பெரிய நட்டம்.

நாடகம் வராத மாசம் வீட்டில ஒலிப்பதிவு போட்டுக் கேட்டால் காணுமோ?

காணும், ஆனால் முழுதையும் போடாதீர்கள். மூன்று பாட்டு மட்டும்: தொடக்கப் பாட்டு, இடைவேளைக்கு முந்திய பாட்டு, ஒரு சோடிப் பாட்டு. ஒவ்வொன்றையும் சொல்லைப் பார்க்காமல் ஒருதரம், பாடல் வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருதரம் கேளுங்கள். மூன்றும் இரண்டு தரம் என்றால் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கும். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம், கீழ்ச்சுருதி வாத்தியம் எதுவும் கேட்காது. பாட்டு ஓடும்போது சமையலறையில் மிக்சி ஓடக்கூடாது, அதாவது சம்பல் முன்னமே அரைபட்டிருக்கவேண்டும்.

ஒருத்தர் தமிழில வாசிக்கிறார், ஒருத்தர் ஆங்கிலத்தில, ஒருத்தர் சிங்களத்தில. எப்படிச் சேர்ந்து கதைக்கிறது?

பக்க எண் பொருந்தாது, அத்தியாய எண்ணைச் சொல்லிப் பழகுங்கள். ஒரே பந்தியை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்து வாசித்தால், மொழிபெயர்ப்பாளர் எதைத் தவிர்த்தார் என்பதே அன்றைய பேச்சாகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஆங்கில மொழிமூலம் படித்த பிள்ளைகள் தமிழை மெதுவாகத்தான் வாசிப்பார்கள். அவர்களுக்கு நாலு பக்கம் போதும், திருத்த வாயெடுக்காதீர்கள்.

ஒரு ஐயா கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்ட ஏலாது. பெரியவர், என்ன சொல்லுறது?

அவரையே நேரம் பார்க்கும் பொறுப்பில் போடுங்கள். மணிக்கூடு கையில் உள்ளவர் தானும் மூன்று நிமிடத்தில் நிறுத்துவார். அதுவும் பலிக்காவிட்டால், முன்னர் சொன்ன பக்க எண் விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: “ஐயா, அது எந்தப் பக்கத்தில வருது?” பக்கம் இல்லாத பேச்சு அந்தக் கேள்வியோடு தானே தணியும், மரியாதையும் குறையாது.

எங்களுக்குள்ளயே ஒரு எழுத்தாளர் இருக்கிறா. அவவின்ட புத்தகத்தை எடுக்கலாமோ?

எடுக்கலாம், வட்டம் ஒரு வருடமாவது ஓடியபின். முதல் ஒரு மணித்தியாலம் அவ வாய் திறக்கக்கூடாது, அவவைப் பார்த்தும் யாரும் பேசக்கூடாது. “கதையில்” என்று சொல்லவேண்டும், “நீங்கள்” என்று சொல்லக்கூடாது. பிறகு அவவிடம் கேள்வி கேட்கலாம். “இது உங்கட வீட்டில நடந்ததோ?” என்ற கேள்விக்கு மட்டும் இடமில்லை.

வருட முடிவில ஒரு மியூசிக்கல் பாட்டை மேடையில பாடலாம் எண்டு யோசிக்கிறம். அனுமதி வேணுமோ?

வீட்டு ஹோலில் உங்களுக்குள் பாடுவதை யாரும் கேட்கப்போவதில்லை. மண்டபம் எடுத்து, ரிக்கற் விற்று, உடுப்புப் போட்டுக் காட்சியாக நடித்தால் உரிமம் வேண்டும், அதை இசையின் உரிமையாளர்களிடமிருந்து முன்கூட்டியே எடுக்கவேண்டும். போட்டோகொப்பிக் கேள்வியில் சொன்ன 70 வருடக் கணக்கு இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறது: ஹியூகோவின் நாவல் எல்லோருக்கும் பொது, 1985 இன் பாட்டு அல்ல. நாவலை வைத்து நீங்களே தமிழில் பாட்டெழுதி மெட்டுப் போட்டால் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

இன்னும் சுலபமான வழி சங்கரதாஸ் சுவாமிகள். அவர் மறைந்தது 1922, எனவே அவருடைய நாடகப் பாடல்களைத் தாராளமாகப் பாடலாம். ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், பாடத் துணிந்த இரண்டு பேர். பிறர் பாடிய ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைக்காதீர்கள், ஒலிப்பதிவுக்கு உரிமை தனி.

கூட்டம் முடிஞ்சாலும் ஒருத்தரும் எழும்புகினமில்லை. வீட்டுக்காரருக்கு விடிய வேலை.

அடுத்த மாதப் புத்தகத்தை அறிவிப்பதைக் கடைசிக்கு வைத்திருங்கள். அதை வாசலில் நின்று அறிவியுங்கள்.